குதிரையைப் பிடிக்காத கொக்கி

செம்மேட்டு மலையின் அடிவாரத்தில் முன்பு ஒரு துப்பாக்கிப் பட்டறை இருந்தது. அங்கே செய்தவை பெரிய துப்பாக்கிகள் அல்ல, இடுப்பில் செருகிக்கொள்ளும் கைத்துப்பாக்கிகள். மலைமேல் உள்ள ஊர்களுக்குத் தபால் பையைச் சுமந்து ஓடும் பன்னிரண்டு பேருக்காக அவை செய்யப்பட்டன. வழியில் யானை மறிக்கும், கரடி மறிக்கும். வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்தால் விலகிப் போய்விடும். அந்தச் சத்தம் ஒன்றுதான் ஓட்டக்காரனுக்குத் துணை.

பட்டறை இருளப்ப ஆசாரியுடையது. குழாயையும் மரப்பிடியையும் அவர் சீக்கிரம் முடித்துவிடுவார். நாள் பிடிப்பது பூட்டுதான். விசையை இழுத்ததும் நெருப்புப் பொறியை எழுப்புகிற இரும்புச் சாமான்கள் எல்லாம் சேர்ந்ததற்குப் பூட்டு என்று பெயர். அதில் சக்கிமுக்கிக் கல்லை வாயில் கவ்வியபடி குதிரை என்று பெயர் கொண்ட ஒரு சின்ன இரும்புச் சுத்தி நிற்கும். அதை முன்னால் தள்ள ஒரு வில் இருக்கும். நேரம் வருவதற்கு முன்னால் குதிரை பாய்ந்துவிடாமல் அதன் காலைப் பிடித்து நிறுத்த ஒரு கொக்கி இருக்கும். விசையை இழுத்தால் கொக்கி பிடியை விடும், குதிரை பாயும், கல் உரசும், மருந்து வெடிக்கும்.

கொக்கி சுண்டு விரலில் பாதி நீளம்கூட இருக்காது. ஆனால் அது உடைந்தால் துப்பாக்கி வெறும் கட்டைதான்.

இருளப்பன் ஒவ்வொரு கொக்கியையும் அதனதன் துப்பாக்கிக்கென்றே ராவிப் பொருத்துவார். கொக்கியை விளக்குச் சுடரில் காட்டிக் கரி படியவைப்பார். பூட்டின் குழிக்குள் வைத்து அழுத்தி எடுப்பார். எங்கே கரி அழிந்திருக்கிறதோ அங்கே உரசுகிறது என்று பொருள். அந்த இடத்தை அரத்தால் ஒரு இழுப்பு இழுப்பார். மறுபடி கரி, மறுபடி அழுத்தல், மறுபடி அரம். இப்படி நாற்பது ஐம்பது தடவை. கடைசியில் கொக்கி குழிக்குள் சத்தமில்லாமல் போய் உட்காரும்போது, துப்பாக்கியின் எண்ணை அதன் முதுகில் பொறித்துவிடுவார். அதற்குப் பிறகு அது வேறு எந்தத் துப்பாக்கிக்கும் ஆகாது. பன்னிரண்டு துப்பாக்கிகளும் வெளியே பார்க்க ஒரே அச்சாக இருக்கும். உள்ளே பிரித்துப் பார்த்தால் ஒன்றின் குழி மற்றதன் குழியைப் போல இருக்காது.

நம் கொக்கியின் முதுகில் ஏழு என்று எழுதியிருந்தது.

ஏழாம் துப்பாக்கியின் குழியைக் குடைந்த அன்று அரம் கொஞ்சம் அதிகமாகவே உள்ளே போய்விட்டது. குழி பெரிதானதால் கொக்கியையும் பெரிதாகத்தான் செய்ய வேண்டியிருந்தது. மற்றக் கொக்கிகளுக்கு நடுவில் அது கொஞ்சம் தடித்த உடம்போடும் நீண்ட மூக்கோடும் இருந்தது. அதைப் பற்றி அது கவலைப்படவில்லை. தனக்கென்று ஒரு குழி, பிடித்து நிறுத்த ஒரு குதிரை, முதுகில் ஒரு எண். வேறென்ன வேண்டும் என்று இருந்தது.

ஏழாம் குதிரை துடுக்கானது. "நீ என்னைப் பிடிச்சு வச்சுடுவியா?" என்று கேட்டது.

"பிடிச்சுப் பாக்கறேன்," என்றது கொக்கி.

மூன்று தடவை இருளப்பன் குதிரையைப் பின்னால் இழுத்து நிறுத்தினார். மூன்று தடவையும் கொக்கி பிடித்தது. "பரவாயில்லையே," என்றது குதிரை. கொக்கிக்கு உடம்பெல்லாம் இனித்தது.

மறுநாள் சோதனை வெடி. வழக்கமாகப் போடுவதைப் போல இரண்டு மடங்கு மருந்து போட்டு, துப்பாக்கியை மரக்கட்டையில் கட்டி, தூரத்திலிருந்து கயிற்றால் விசையை இழுப்பார்கள். பிழைத்தால்தான் கொக்கியை நெருப்பில் வைத்துக் கெட்டியாக்கி, அதாவது உரமேற்றி, ஓட்டக்காரன் கைக்குக் கொடுப்பார்கள். ஆறு துப்பாக்கிகள் பிழைத்தன. ஏழின் குழாயில் கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் இருந்திருக்கிறது. குழாய் பிளந்தது. குதிரையின் கழுத்து ஒடிந்தது, வில் இரண்டாகத் தெறித்தது, மரப்பிடி சுக்குநூறானது. கொக்கிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

இருளப்பன் அதைப் பொறுக்கி எடுத்துத் துடைத்து, உதிரி இரும்பு கிடக்கும் தகரத் தட்டில் போட்டார். ஏழாம் எண்ணில் வேறொரு துப்பாக்கி செய்தபோது அதற்கு வேறு குழி, வேறு கொக்கி. தட்டில் கிடந்ததை யாரும் தேடவில்லை.

தட்டின் பக்கத்தில்தான் பெரிய அரமும் விளக்கும் இருந்தன.

"எனக்கு ஒரு இடம் கிடைக்குமா அண்ணே?" என்று கொக்கி அரத்திடம் கேட்டது.

அரம் பூசி மெழுகிப் பேசத் தெரியாதது. "உன் முதுகுல ஏழுன்னு இருக்கு. அந்த ஏழு போயிடுச்சு. இன்னொருத்தன் நம்பரை வேறொரு துப்பாக்கில போடறது ஆசாரிக்குப் பிடிக்காது. காய்ச்சி ஆணியா அடிக்கறதுக்கு வேணும்னா ஆவே."

"அதுகிட்ட ஏன் அப்படிப் பேசறே?" என்றது விளக்கு. "பொறுமையா இரு கொக்கி. நான் எத்தனையோ சாமான் மேல கரி பூசிப் பாத்திருக்கேன். முதல் தடவையே எதுவும் சரியா உக்காந்ததில்லை."

நான்கு மாதம் கழித்து, தொப்புளான் என்ற ஓட்டக்காரன் நாலாம் துப்பாக்கியோடு இறங்கி வந்தான். அதன் கொக்கி மூக்கு ஒடிந்து போயிருந்தது.

"புதுசா ஒண்ணு ராவணும் தொப்புளான். ராவினதுக்கு அப்புறம் உரமேத்தணும்," என்றார் இருளப்பன். "உலைப் பெட்டி மாசத்துக்கு ஒரு தடவைதான் வைக்கறேன். துப்பாக்கியை விட்டுட்டுப் போ."

"சரிங்க ஐயா," என்றான் தொப்புளான். துப்பாக்கியைப் பலகையில் வைத்தான். தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெறுங்கையோடு மலை ஏறினான்.

கொக்கி தட்டிலிருந்து எட்டிப் பார்த்தது. நாலாம் துப்பாக்கியின் குழி திறந்து கிடந்தது. "நான் வரட்டுமா?" என்று கேட்டது.

நாலாம் துப்பாக்கி நல்ல குடும்பத்தில் பிறந்த மாதிரி பேசும். "நீ ஏழு இல்லையா? என் குழி எனக்குன்னு ராவின கொக்கிக்குத்தான். அதுவும் இல்லாம நீ ரொம்பத் தடி. கொஞ்சம் காத்திருக்கறதுல எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிடாது."

இருளப்பனும் ஒரு தடவை ஏழாம் கொக்கியைக் கையில் எடுத்துப் பார்த்தார். எண்ணைப் படித்தார். திரும்பத் தட்டில் போட்டார். ஒரு புது இரும்புத் துண்டை எடுத்து முதலிலிருந்து ராவ ஆரம்பித்தார்.

ஒரு மாதத்தில் நாலாம் துப்பாக்கி தயாரானது. எண்ணெய் பூசி, துணியில் துடைத்து, சுவர்ப் பலகையில் வைத்தார். "என் ஆளு இன்னிக்கு வருவாரு," என்று அது தினமும் சொல்லிக்கொண்டிருந்தது.

வந்தவன் சடையன். அவனும் ஓட்டக்காரன்தான், ஒன்பதாம் துப்பாக்கி அவனுடையது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றான்.

"நாலாம் நம்பர் தயாரா இருக்கு," என்றார் இருளப்பன். "தொப்புளானை எங்க காணோம்?"

"இனி வரமாட்டான் ஐயா."

இருளப்பன் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார்.

"மூங்கில் காட்டு வளைவுல," என்றான் சடையன். "ஒத்தை யானை. கத்திப் பாத்திருக்கான், கல்லை விட்டெறிஞ்சு பாத்திருக்கான். பையை மட்டும் மேட்டுல தூக்கி எறிஞ்சிருக்கான். பை கிடைச்சது. ஒரு கடுதாசிகூடக் கசங்கலை."

இருளப்பன் எழுந்து போய் நாலாம் துப்பாக்கியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்ததை இன்னொரு தடவை துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

சடையன் தயங்கித் தயங்கி இடுப்பிலிருந்து தன் துப்பாக்கியை எடுத்துப் பலகையில் வைத்தான். "இதுவும் பிடிக்க மாட்டேங்குது. கொக்கி போயிடுச்சுன்னு நினைக்கறேன். எத்தனை நாள் ஆகும் ஐயா?"

"புதுசா ராவினா ஒரு மாசம்."

"நாளன்னிக்கு நான் மலை ஏறணும்."

அவன் குறையாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னான். அதைத்தான் இருளப்பனால் தாங்க முடியவில்லை. தகரத் தட்டை இழுத்து, ஏழாம் கொக்கியை எடுத்தார்.

"இத்தனை வருஷமா நான் செய்யாததைச் செய்யப் போறேன் சடையா. ஒருத்தன் சாமானை இன்னொருத்தனுக்குப் போடறேன். இது கொஞ்சம் பெருசா இருக்கு. தேய்ச்சுக் குறைச்சா உன் குழிக்குள்ள போயிடும். நம்பரைப் பாத்துக்கிட்டு இருந்ததுதான் என் தப்பு."

கொக்கியை இடுக்கியில் இறுக்கி, அரத்தை எடுத்து, முதுகில் இருந்த ஏழை ராவினார். இரண்டே இழுப்பில் எண் போய்விட்டது. கொக்கிக்கு வலித்தது. ஆனாலும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுபடி ஒரு குழி. மறுபடி ஒரு குதிரை.

"அண்ணே, சீக்கிரம் தேய்ங்க," என்று அரத்திடம் சொன்னது. "எவ்வளவு வேணும்னாலும் தேய்ங்க. நான் பொறுத்துக்கறேன்."

அப்போதுதான் நாலாம் துப்பாக்கி வாயைத் திறந்தது. பழைய மிடுக்கு அதனிடம் இல்லை.

"கொக்கி, உன்னை ஒண்ணு கேக்கணும். நீ ஒன்பதுக்குள்ள போனா சடையன் பிழைப்பான். நல்லதுதான். அடுத்த வாரம் ரெண்டாம் நம்பர் வந்து நின்னா?"

"அதுக்கு ஆசாரி வேற ராவுவாரு."

"ஒரு மாசம். அந்த ஒரு மாசத்துல என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும்." நாலாம் துப்பாக்கி மேலும் சொன்னது. "அன்னிக்கு நீ வரட்டுமான்னு கேட்டே. நான்தான் என் குழி உனக்கில்லைன்னேன். என் ஓரத்தைத் துளி ராவியிருந்தா நீ உள்ள வந்திருப்பே. அவனும் கையில என்னை எடுத்துக்கிட்டுப் போயிருப்பான். எல்லாரும் கொக்கியைத்தான் தேய்க்கறாங்க. குழியைத் தேய்க்க யாருக்கும் தோணலை. எனக்கும் தோணலை."

கொக்கி குனிந்து பார்த்தது. கீழே ஒன்பதாம் துப்பாக்கியின் குழி திறந்திருந்தது. அதற்குள் குதிரையின் கால் தெரிந்தது. ஒரு விரற்கடை தூரம்தான்.

தன்னைத் தேய்த்தால் ஒரு துப்பாக்கிக்குப் பொருந்தும், அத்தோடு சரி. தன்னைத் தேய்க்காமல் விட்டால், தான் இருக்கிற அளவுக்கு எல்லாத் துப்பாக்கிகளின் குழியையும் திறந்துவிட முடியும். பிறகு ஒரே அளவில் கொக்கிகள் செய்து அடுக்கி வைக்கலாம், எது உடைந்தாலும் எடுத்து மாட்டலாம். ஆனால் அந்த அளவு மாறாமல் இருக்க ஒரு கொக்கி எந்தத் துப்பாக்கிக்குள்ளும் போகாமல், அளவுகோலாக வெளியே இருக்க வேண்டும். எந்தக் கொக்கி என்பதும் அதற்குத் தெரிந்திருந்தது. இருப்பதிலேயே பெரிது அதுதான்.

அந்த விரற்கடை தூரத்தை அது கொஞ்ச நேரம் பார்த்தது.

இருளப்பன் விளக்கைப் பக்கத்தில் இழுத்தார், கொக்கிமேல் கரி படியவைக்க.

"அக்கா," என்றது கொக்கி மெதுவாக. "இந்தத் தடவை என்மேல கரி பூசாதீங்க."

"பின்னே?"

"குழிக்குள்ள பூசுங்க."

விளக்கு அதை உற்றுப் பார்த்தது. "நல்லா யோசிச்சியா? அப்புறம் நீ எந்தக் குதிரையையும் பிடிக்க முடியாது."

"யோசிச்சேன் அக்கா. யோசிக்க யோசிக்க ஆசைதான் கூடுது. அதனால சீக்கிரம் பூசிடுங்க."

வாசல் பக்கமிருந்து லேசாகக் காற்று வந்தது. சுடர் சாய்ந்தது. அது சாய்ந்தது காற்றாலா, விளக்கே சாய்ந்ததா என்று இருளப்பனுக்குத் தெரியாது. கரி கொக்கிமேல் படியாமல், பலகையில் திறந்து கிடந்த ஒன்பதாம் பூட்டின் குழியோரம் முழுக்கப் படிந்தது. அவர் கவனிக்காமல் கொக்கியைக் குழியில் வைத்து அழுத்தி எடுத்தார்.

கொக்கி சுத்தமாக இருந்தது. குழியின் ஓரத்தில் மூன்று இடங்களில் கரி அழிந்து இரும்பு பளிச்சென்று தெரிந்தது.

அரத்தைக் கொக்கியிடம் கொண்டுபோன கை பாதியிலேயே நின்றது. இருளப்பன் குழியைப் பார்த்தார். கொக்கியைப் பார்த்தார். திரும்பிப் பலகைமேல் இருந்த நாலாம் துப்பாக்கியைப் பார்த்தார்.

"சடையா," என்றார். "கொஞ்சம் உக்காரு."

"என்னங்க ஐயா?"

"நான் கொக்கியைத் தொடப்போறதில்லை. உன் குழியைத்தான் தொடப்போறேன். இரும்பைக் குறைக்க என்னால முடியும், கூட்ட முடியாது. இருக்கறதுல பெருசு இதுதான். இதை இப்படியே வச்சுக்கிட்டு, வர்ற துப்பாக்கி ஒவ்வொண்ணுலயும் குழியை இதுக்கு ஏத்த மாதிரி திறந்துவிட்டா, அப்புறம் இதே அளவுல எத்தனை கொக்கி வேணும்னாலும் செஞ்சு வைக்கலாம். எது உடைஞ்சாலும் துப்பாக்கி இங்க வரவேண்டாம். கொக்கி மட்டும் அங்க வரும்." அவர் பேசுவது அவருக்கே புதிதாக இருந்தது. "நாலு நாள் இங்கேயே இரு. உலைப் பெட்டியை நாளைக்கே வைக்கறேன்."

"தபால் தாமதமானா அதிகாரி திட்டுவாருங்க."

"திட்டு வாங்க நீ உயிரோட இருக்கணும்ல. இரு."

சடையன் பையைச் சுவரோரம் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

மறுநாள் காலையில் உலைப் பெட்டி தயாரானது. எலும்பையும் தோலையும் சுட்டுப் பொடித்த கரியை ஒரு மண் பெட்டியில் நிரப்பி, நடுவில் கொக்கியை வைத்து, மூடிக் களிமண் பூசி, நெருப்பில் வைப்பார்கள். இரும்பின் மேல்தோல் கரியைக் குடித்து இறுகும். பிறகு ஒரே மூச்சில் தண்ணீரில் கவிழ்ப்பார்கள். சரியாக வந்தால் இரும்பு கல்லைவிடக் கெட்டியாகும். சரியாக வராவிட்டால் விரிசல் விட்டுவிடும். சின்னச் சாமான்கள்தான் அதிகம் விரிசல் விடும்.

பெட்டியில் வைப்பதற்கு முன்னால் அரம் கொக்கியிடம் வந்தது. வழக்கத்துக்கு மாறாக அதன் குரல் தணிந்திருந்தது.

"உள்ள போயிட்டு வந்தா நான் உன்னைத் தொட முடியாது. எவ்வளவு அழுத்தினாலும் என் பல் வழுக்கும்."

"தெரியும் அண்ணே."

"ஆணிக்கு ஆவேன்னு சொன்னேன். அதை மனசுல வச்சுக்காதே."

"அதை அன்னிக்கே மறந்துட்டேன்," என்றது கொக்கி. அது உண்மை இல்லை. ஆனால் சொன்ன பிறகு உண்மையாகிவிட்டது.

பகல் முழுக்க அது நெருப்புக்குள் இருந்தது. முதலில் பயந்தது. பிறகு பயப்படுவதற்குக்கூட இடமில்லாத சூடு. இரும்பு இளகி, தான் யாரென்பதே மறந்துபோகும் நேரம் ஒன்று வந்தது. அப்போது கொக்கி ஒன்றே ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டது. தன் அளவு. மூக்கு இவ்வளவு, வால் இவ்வளவு, இடுப்பு இவ்வளவு. இதை விட்டால் மலைமேல் யாரோ ஒருவன் வெறுங்கையோடு நிற்பான்.

சாயங்காலம் இருளப்பன் பெட்டியை உடைத்துத் தண்ணீரில் கவிழ்த்தார். தண்ணீர் சீறியது. சடையன் எட்டிப் பார்த்தான்.

இருளப்பன் கொக்கியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீலமும் வைக்கோல் நிறமுமாக மேலே அலையலையாக ஓடியது. காதருகில் வைத்துச் சுண்டினார். கணீரென்றது. பிறகு அரத்தை வைத்து இழுத்தார். அரம் கண்ணாடிமேல் போவது போல வழுக்கிக்கொண்டு போனது.

"விரிசல் இல்லை," என்றார்.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. புது இரும்புத் துண்டைக் கொக்கியோடு சேர்த்து இடுக்கியில் இறுக்குவார். இரண்டின்மேலும் அரத்தை ஓட்டுவார். புதுசு உயரமாக இருக்கும்வரை அரம் கடிக்கும். கொக்கியைத் தொட்டதும் வழுக்கும். வழுக்கினால் போதும், அளவு வந்துவிட்டது. கரி பூச வேண்டாம், ஐம்பது தடவை அழுத்திப் பார்க்க வேண்டாம். முன்பு ஒரு கொக்கிக்கு ஆன நேரத்தில் இப்போது ஆறு செய்தார். எதன் முதுகிலும் எண் பொறிக்கவில்லை. மறுநாள் அந்த ஆறும் உலைப் பெட்டிக்குள் போயின. ஐந்து நல்லபடியாக வந்தன, ஒன்று மட்டும் விரிசல் விட்டது.

நாலாம் நாள் சடையன் மலை ஏறினான். துப்பாக்கிக்குள் ஒரு கொக்கி, மடியில் முடிந்துகொண்ட துணியில் இன்னொன்று. நாலாம் துப்பாக்கியின் குழியையும் இருளப்பன் அன்றே திறந்துவிட்டார். தொப்புளான் இடத்துக்கு வந்திருந்த மசணன் என்ற புது ஓட்டக்காரன் அதை வாங்கிக்கொண்டு போனான். போகும்போது நாலாம் துப்பாக்கி திரும்பிப் பார்த்தது.

"கூச்சமா இருக்கு," என்றது. "யாரை வேணும்னாலும் உள்ள விடற மாதிரி ஆயிட்டேன்."

"அதுக்குத்தானே," என்றது கொக்கி.

மற்றத் துப்பாக்கிகளும் ஒவ்வொன்றாக இறங்கி வந்து குழியைத் திறந்துகொண்டு போயின. ஒன்றிரண்டு முனகின. இருளப்பன் கொக்கியின் வாலில் இருந்த துளையில் ஒரு நூலைக் கோத்து, வேலைப் பலகைக்கு மேல் ஆணியில் தொங்கவிட்டார். அங்கிருந்து பார்த்தால், ஒவ்வொரு புதுக் கொக்கியும் குழிக்குள் போய் உட்காருவதும் குதிரையின் காலைப் பிடிப்பதும் நன்றாகத் தெரியும். சில நாட்களில் கொக்கி அதைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும். அப்போது விளக்கும் அரமும் அதனிடம் எதுவும் கேட்பதில்லை.

அடுத்த மழைக்காலம் முடிந்து சடையன் இறங்கி வந்தான். இந்தத் தடவை துப்பாக்கியைப் பலகையில் வைக்கவில்லை.

"ரெண்டு கொக்கி குடுங்க ஐயா, மடியில வச்சுக்க. இருந்ததை மசணனுக்குக் குடுத்துட்டேன்."

"அவனுக்கு என்ன ஆச்சு?"

"அந்தப் பக்கம் போயிக்கிட்டு இருந்தேன், அவன் இந்தப் பக்கம் வந்துக்கிட்டு இருந்தான். ஓடைப் பாலத்துக்கிட்ட ஒரு தாய் யானை, குட்டியோட. அவன் குதிரையை இழுக்கறான், நிக்க மாட்டேங்குது. கொக்கி ஒடிஞ்சிருக்கு. அவன் மடியில இருந்தது முந்தின மாசமே தீந்துபோச்சாம். என் முடிச்சை அவுத்து அவன்கிட்ட எறிஞ்சேன். பிரிச்சான், மாட்டினான். வெத்தலை மடிக்கற நேரம்தான். மேல ஒரு வெடி. யானை குட்டியைத் தள்ளிக்கிட்டுத் திரும்பிப் போயிடுச்சு."

"ஏன், உன் இடுப்புல துப்பாக்கி இல்லையா? நீயே வெடிச்சிருக்கலாமே."

"பாறைல வழுக்கி விழுந்து மருந்தெல்லாம் நனைஞ்சு போயிருந்தது ஐயா. அன்னிக்கு ரெண்டு பேருக்கும் சேத்து அந்த ஒரு வெடிதான்."

இருளப்பன் இரண்டு கொக்கிகளை எடுத்து அவனிடம் கொடுத்தார். பிறகு தொழில்காரருக்கே உள்ள கவலையோடு கேட்டார்: "மாட்டறப்ப இறுக்கமா இருந்துச்சாமா?"

"அதுக்குன்னே செஞ்ச மாதிரி உக்காந்துச்சுன்னான்."

இருளப்பன் தலையை மட்டும் ஆட்டினார். எட்டி, ஆணியில் தொங்கிய கொக்கியை எடுத்தார். புதிதாக அடித்த ஒரு துண்டை அதன் பக்கத்தில் வைத்து இடுக்கியில் இறுக்கினார். அரத்தைத் தேடிக்கொண்டு திரும்பினார்.

புதுத் துண்டுக்கு இன்னும் சூடு ஆறவில்லை. அது பக்கத்தில் ஒட்டி நின்ற கொக்கியை ஆவலோடு பார்த்தது.

"அக்கா, நீங்க எந்தத் துப்பாக்கி? உங்க குதிரை எப்படி, ரொம்ப முரடா?"

அரம் நெருங்கி வந்தது. விளக்கு அசையாமல் எரிந்தது.

"நேரா நில்லும்மா," என்றது கொக்கி. "உன் மூக்கு ஒரு இழை நீளமா இருக்கு. உனக்காக ஒருத்தர் மலைமேல காத்திருக்கார்."